அம்மாவின் கடைவாய்ப் பல்

"பகல்ல ஒண்ணுமில்ல டாக்டர். ராத்திரி படுத்தாத்தான் விண்விண்ணுன்னு தெறிக்குது." சொல்லிக்கொண்டே அம்மா நாற்காலியில் சாய்ந்தார்.

தீப்பெட்டியைவிடச் சற்றே சிறிய ஒரு தகடு. வால் மாதிரி ஒரு வயர், நேராக கம்ப்யூட்டருக்கு. ஆர்.வி.ஜி. என்கிறார்கள், ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் பல் எக்ஸ்ரே. பிளாஸ்டிக் உறை மாட்டி வாய்க்குள் வைத்து, "கடிச்சுக்கோங்கம்மா" என்றார் டாக்டர். தகடு கொஞ்சம் உறுத்தும் போல, அம்மா முகத்தைச் சுளித்தார். ஒரு 'பீப்'.

அம்மா வாயைக் கொப்பளித்து நிமிர்வதற்குள் திரையில் பல் நின்றது.

டாக்டர் அதைப் பெரிதாக்கினார். இரண்டு பற்கள் இடிக்கும் இடுக்கில், அரிசிமணி அளவு கறுப்பு நிழல். சொத்தை. டார்ச் அடித்துப் பார்த்தும் தெரியாத இடம்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுதானா அது?" என்றார், மாங்காய் திருடிய பையனைப் பிடித்துவிட்ட மாதிரி.

என் சின்ன வயதில் ஃபிலிமை இருட்டில் கழுவி, கிளிப்பில் பிடித்து, ஈரம் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சரியாக விழவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. இதில் கதிர்வீச்சும் அந்த ஃபிலிமைவிடக் குறைவு.

1896-இல் ஜெர்மனியில் ஓட்டோ வால்க்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே எக்ஸ்ரே எடுத்தார். 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம். எங்கம்மாவால் 25 நொடி பேசாமல் இருக்க முடியாது.

படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டோம். ஆட்டோ வீடு வந்து சேர்வதற்குள் குடும்ப குரூப்பில் போட்டாயிற்று.

பெரியம்மா கை கூப்பி ஒரு எமோஜி அனுப்பியிருக்கிறார்.