ஸ்டாக்கைச் சரிசெய்வது யார் பொறுப்பு?

கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரங்களில் நான் நடத்தும் அசெம்பிளி (ப்ராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் நிரல்மொழி) வகுப்புக்கு வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து சிலரும் வருகிறார்கள். எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்றுதான்: ஒரு ஃபங்ஷனுக்காக ஸ்டாக்கில் (மதிப்புகளைத் தற்காலிகமாக அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) தள்ளிய மதிப்புகளை, வேலை முடிந்தபின் நீக்க வேண்டியது அழைத்த நிரலா, அழைக்கப்பட்ட ஃபங்ஷனா?

"சார், அதை ப்ராசஸரே பார்த்துக்கொள்ளாதா?" என்று ஒரு மாணவி கேட்டார். பார்த்துக்கொள்ளாது. இது நிரல் எழுதுபவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை மட்டுமே. அதை மீறினாலும் ப்ராசஸர் எந்த எச்சரிக்கையும் தராது.

32 பிட் இன்டெல் நிரலில், 7, 5 என்ற இரண்டு எண்களை புஷ் செய்து (ஸ்டாக்கில் தள்ளி) ஒரு ஃபங்ஷனை கால் செய்தால் (அழைத்தால்), உள்ளே நுழைந்த கணத்தில் இஎஸ்பி, அதாவது ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர், சுட்டுவது திரும்பி வர வேண்டிய முகவரியை. அதற்கு 4 பைட் மேலே 5, 8 பைட் மேலே 7. யார் நீக்குவது என்பதற்கு இரண்டு உடன்படிக்கைகள் உண்டு. சிடெக்ல் (cdecl) முறையில் ஃபங்ஷன் வெறும் ரெட் (ret, திரும்பும் கட்டளை) கொடுத்துத் திரும்பிவிடும். ஸ்டாக் கீழ் முகவரிகளை நோக்கி வளர்வதால், அழைத்தவர்தான் இஎஸ்பியுடன் 8 கூட்டி அந்த இரண்டு எண்களையும் விலக்க வேண்டும். எஸ்டிடிகால் (stdcall) முறையில் ஃபங்ஷனே ரெட் 8 என்று முடிக்கும்: முதலில் திரும்பும் முகவரியை எடுத்துக்கொண்டு, பிறகு இஎஸ்பியை 8 பைட் நகர்த்தும்.

எஸ்டிடிகால் முறையில் ஒவ்வொரு அழைப்பிடத்திலும் ஒரு கட்டளை எழுதுவது மிச்சமாகிறது. வின்32 (விண்டோஸ் தரும்) ஃபங்ஷன்களில் பெரும்பாலானவை அதைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் எத்தனை மதிப்புகளையும் ஏற்று அச்சிடும் பிரின்ட்எஃப் (printf) போன்ற ஒன்றுக்கு அது ஒத்துவராது. எத்தனை மதிப்புகள் வந்திருக்கின்றன என்பது ஒவ்வோர் அழைப்பிலும் மாறுவதால், ரெட்டுக்குப் பின் ஒரு நிலையான எண்ணை எழுதவே முடியாது. தள்ளியவருக்குத்தான் கணக்குத் தெரியும். விண்டோஸிலேயே அதே வகையைச் சேர்ந்த டபிள்யூஎஸ்பிரின்ட்எஃப் (wsprintf) சிடெக்ல் ஆக இருப்பதற்கு இதுவே காரணம்.

இரு தரப்பும் ஸ்டாக்கைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வகுப்பில் ஓடவிட்டே காட்டுகிறேன். ஒரு லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றுக்கும் 8 பைட் தேங்கினால், விண்டோஸ் வழக்கமாகத் தரும் 1 எம்பி ஸ்டாக் சுமார் 1,31,000 சுற்றுகளில் தீர்ந்து நிரல் நின்றுவிடும். இருவருமே சரிசெய்தால் விளைவு இன்னும் மோசம். முடிவில் லீவ் (leave) கட்டளை, ஃபங்ஷனின் தொடக்க நிலையை நினைவில் வைத்திருக்கும் இபிபி ரெஜிஸ்டரிலிருந்து இஎஸ்பியை மீட்டுவிடுவதால் நிரல் ஒழுங்காகத் திரும்பியதுபோலத் தெரியும்; ஆனால் அதற்கு முன் பாப் செய்த (ஸ்டாக்கிலிருந்து திரும்ப எடுத்த) இபிஎக்ஸ், இஎஸ்ஐ ஆகிய ரெஜிஸ்டர்களில் தவறான மதிப்புகள் புகுந்திருக்கும். கோளாறு வேறெங்கோ, சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் தலைகாட்டும். ஆகவே கால் கட்டளைக்கு முன் இஎஸ்பி எவ்வளவு, எல்லாம் முடிந்தபின் எவ்வளவு என்று டிபக்கரில் (நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) பார்த்து நோட்டில் குறிக்காமல் யாரையும் அடுத்த பாடத்துக்கு விடுவதில்லை.

64 பிட்டில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஸ்டாக்கைச் சரிசெய்வது அழைப்பவரே. அதற்குப் பதிலாக இங்கே வேறொரு எல்லை முளைக்கிறது. கேரளப் பள்ளிகளில் லினக்ஸில் பழகிய பிள்ளைகள் முதல் மதிப்பை ஆர்டிஐ ரெஜிஸ்டரிலும் இரண்டாவதை ஆர்எஸ்ஐயிலும் வைக்கிறார்கள். பொள்ளாச்சிப் பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப்பில் விண்டோஸ் இருப்பதால் அவர்களுக்கு அது ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ். கூடவே விண்டோஸில் அழைப்பவர் ஸ்டாக்கில் 32 பைட் இடத்தையும் ஒதுக்கித் தர வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே ஓட்டினால் விடை தப்பாகத்தான் வரும். கால் கொடுக்கும் நேரத்தில் ஆர்எஸ்பி (இஎஸ்பியின் 64 பிட் வடிவம்) 16-ஆல் வகுபட வேண்டும் என்ற விதி மட்டும் இரு தரப்புக்கும் பொது. அதைத் தவறவிட்டால், உள்ளே எங்கோ இருக்கும் ஒரு மூவ்ஏபிஎஸ் (movaps, 16-ஆல் வகுபடும் முகவரியை எதிர்பார்க்கும்) கட்டளையில் நிரல் முறிந்துவிழும்.