லாரி டர்போவில் ஜெட் இன்ஜின்: தோப்பு நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஜெட் இன்ஜின் செய்ய டர்போ கிடைத்துவிட்டது. லாரி இன்ஜினின் புகை வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. மதுரை ரிங் ரோட்டை ஒட்டி, பழைய லாரிகளைப் பிரித்து விற்கும் கடையில் ஒரு மூலை முழுக்க டர்போக்கள்தான். "எது வேணுமோ பாத்து எடுத்துக்கங்க தம்பி. கேரண்டியெல்லாம் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

இதே வேலையாகத் தேடுகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். வெளிக்கூட்டில் துரு இருந்தால் பரவாயில்லை. ஷாஃப்ட் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடும். அது சரிதான், உள்ளே இருப்பது எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் புஷ், ஓடும்போது எண்ணெய் வந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் விரலுக்கு அசைவு தெரியவே கூடாது. தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் (ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம். இறக்கை நுனி கூட்டில் உரசிய கீறல் இருந்தாலும் தொடாதீர்கள். எனக்குக் கிடைத்ததில் இரண்டும் இல்லை. காற்று உள்ளே போகும் பக்கம் சக்கரத்தின் விட்டம் 50 மி.மீ.

ஜெட் இன்ஜினுக்கு வேண்டியது மூன்று: காற்றை அழுத்தும் கம்ப்ரசர், எரிக்கும் அறை, அந்தச் சூட்டில் சுழன்று கம்ப்ரசரை ஓட்டும் டர்பைன். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கும் ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்வது தெருமுனை லேத்தில் நடக்கிற காரியமில்லை. டர்போவில் முதலும் மூன்றும் ஒரே ஷாஃப்ட்டில், பேலன்ஸோடு வந்துவிடுகின்றன. நடுவில் உள்ள எரியறைதான் நம் வேலை.

ஜூன் 14, சனி

கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத் அண்ணனோடு சாயங்காலம் முழுக்க. ஃப்ளேம் டியூப் கணக்கு இன்று முடிந்தது. எரியறையின் வெளிக்கூட்டுக்குள் இருக்கும், ஓட்டை போட்ட குழாய் அது; தீ எரிவது அதற்குள்தான்.

எங்கள் எரிபொருள் எல்.பி.ஜி. கேஸ். ஒரு கிலோ கேஸ் எரிய 15 கிலோ சொச்சம் காற்று போதும். இந்த இன்ஜினுக்குள் போகும் காற்று அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விட்டால் தீ அணைந்துவிடும். வேண்டிய அளவு மட்டும் விட்டால் 2000 டிகிரியை ஒட்டிய சூடு நேராக டர்பைனில் போய் அடிக்கும். அந்த நிக்கல் கலவைச் சக்கரத்துக்கு 900 டிகிரி என்பதே பெரிய சோதனை. அதனால்தான் ஃப்ளேம் டியூப்பில் மூன்று வரிசையாக ஓட்டை போடுகிறார்கள். முதல் பகுதியில் தீ பிடித்து நிற்கும். இரண்டாவதில் மிச்சம் எரிந்து முடியும். மூன்றாவதில் வரும் காற்று எரிவதற்கே இல்லை, சூட்டைத் தணிக்க.

கையால் செய்கிறவர்களிடம் பல வருஷமாகப் புழங்கும் கணக்கு இது: எல்லா ஓட்டைகளின் மொத்தப் பரப்பும் கம்ப்ரசரில் காற்று நுழையும் வாயின் பரப்புக்குச் சமம். அதில் 30, 20, 50 சதவீதம் என்று பிரிக்க வேண்டும். டியூப்பின் நீளம் வாயின் விட்டத்தைப் போல 6 மடங்கு, டியூப்பின் விட்டம் 2 முதல் 3 மடங்கு.

என் டர்போவுக்கு வாயின் பரப்பு 1963 சதுர மி.மீ. ஆகவே முதல் பகுதிக்கு 4 மி.மீ. ஓட்டை 47, இரண்டாவதுக்கு 6 மி.மீ. ஓட்டை 14, மூன்றாவதுக்கு 12.5 மி.மீ. ஓட்டை 8. டியூப் 300 மி.மீ. நீளம், 120 விட்டம்.

அண்ணன் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை ஓட்டை போட்டா உள்ள இருக்கிற பிரஷர் வெளிய போயிராதா?" வெளிக்கூட்டுக்கும் டியூப்புக்கும் நடுவில் ஓடும் காற்றில்தான் பிரஷர் கொஞ்சம் அதிகம், காற்று வெளியிலிருந்து உள்ளேதான் வரும் என்று படம் போட்டுக் காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப தகடு தட்டையா இருக்கும்போதே ஓட்டையப் போட்டுருவோம். உருட்டுன பெறகு போட்டா ட்ரில் வழுக்கும்." 377 மி.மீ. அகலத்தில் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தகடு வெட்டிக் கொடுத்தார். பிசிறை எடுப்பதில் அவர் காட்டிய பொறுமைக்குக் கூலி போட முடியாது. பிசிறு ஒன்று கழன்று டர்பைனில் அடித்தால் அதோடு சரி.

ஜூன் 19, வியாழன்

உருட்டி, டிக் வெல்டிங் முடிந்தது. வெல்டர் தம்பி உள்பக்கமும் காற்று படாமல் ஆர்கான் வாயு விட்டு அடித்தான், வெல்டிங் தையல் கறுக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எண்ணெய் பம்ப், பிரஷர் கேஜ், சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் எல்லாம் சட்டத்தில் ஏறிவிட்டன. தெர்மோகப்பிள் முனை டர்பைனுக்குப் பின்னால், புகைக்குழாயின் நடுவில்.

சாயங்காலம் சும்மா இருந்த நேரத்தில் குர்ட் ஷ்ரெக்லிங் பற்றி மறுபடி படித்தேன். ஜெர்மனிக்காரர். மாடல் விமானத்துக்கு வீட்டிலேயே ஜெட் செய்ய முடியாது என்று எல்லோரும் சொன்ன காலத்தில், மரத்தால் கம்ப்ரசர் சக்கரம் செய்து, அதன்மேல் கார்பன் இழை சுற்றி ஓட்டிக் காட்டியவர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வரைபடத்தையும் அளவுகளையும் அவர் எல்லோருக்கும் கொடுத்ததுதான். பிறகு வந்தவர்கள் 66 மி.மீ. டர்போ சக்கரத்தை வைத்து கே.ஜே.66 என்ற மாடல் ஜெட் இன்ஜினைச் செய்தார்கள். அந்த வரைபடமும் கைக்குக் கை போய், உலகத்தின் எந்தெந்த மூலையிலோ ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்தில் ஜெட் செய்தவர்கள் வீடியோவில் காட்டுவதெல்லாம் நெருப்பும் சத்தமும்தான். எண்ணெய் பிரஷர் எவ்வளவு, புகைக்குழாயில் சூடு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. பார்த்து ஆசைப்படும் பையனுக்கு அந்த வீடியோவால் என்ன பயன்? அவனுக்கு வேண்டியது ஒரு பக்க அளவுத்தாள். தோப்பில் ஓட்டும்போது எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று முடிவு.

ஜூலை 6, ஞாயிறு

சோழவந்தான் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பு. காய்ந்த மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளி, இரண்டு டிரம்மில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் மாமா சம்மதித்தார். இன்ஜினை மோட்டார் ரூமுக்கு வெளியே தரையில் போல்ட் போட்டு, நாங்கள் சுவருக்குப் பின்னால் நின்றோம். சக்கரம் சுழலும் வாக்கில், அதன் நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. உடைந்தால் துண்டுகள் அந்தத் திசையில்தான் பறக்கும். காதுக்கு மஃப்.

19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டரை இதற்கு எடுப்பது சட்டப்படி குற்றம்.

முதலில் எண்ணெய். கேஜ் 40 பி.எஸ்.ஐ. காட்டியதும், காற்றை ஊதிச் சக்கரத்தைச் சுழற்றிவிட ப்ளோயர். அடுத்து ஸ்பார்க். கடைசியில்தான் கேஸ். இந்த வரிசையை மாற்றவே கூடாது. கேஸ் முன்னால் போய் ஸ்பார்க் பின்னால் வந்தால் அறை நிறைய வெடிப்புதான்.

'டப்' என்று பிடித்தது. முதலில் புகைக்குழாய்க்கு வெளியே ஆரஞ்சு நிறத் தீ நீளமாக. சக்கரம் வேகம் எடுக்க எடுக்கத் தீ உள்ளே போய்விட்டது. சூடு 640 வரை ஏறி, 580க்கு இறங்கி நின்றது. எங்கள் வரம்பு 650. சத்தம் உறுமலிலிருந்து விசிலாக மாறும் இடம் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு ப்ளோயரை எடுத்துவிட்டோம். தானாக ஓடியது! தோப்புக்குள் இருந்த மயில்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அகவின. மாமா மஃப்பைக் கழற்றப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து, பிறகு வெள்ளையாக உறைபனி கட்டியது. திரவம் ஆவியாகத் தன் சூட்டையே எடுத்துக்கொள்கிறது; பிரஷர் இறங்கி இன்ஜினும் தளர்ந்தது. கேஸை மூடினோம். எண்ணெயை மட்டும் நிறுத்தவில்லை, ப்ளோயரும் மறுபடி போட்டு சூடு 100க்குக் கீழே வரும்வரை ஓட்டினோம். டர்பைன் பக்கத்துச் சூடு ஷாஃப்ட் வழியாக வந்து நிற்கும் எண்ணெயைக் கரியாக்கிவிடும். டர்போ லாரி டிரைவர்கள் ஓடி வந்ததும் இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் விடுவதும் இதற்குத்தான்.

ஜூலை 7, திங்கள்

டியூப்பைக் கழற்றிப் பார்த்தேன். எஸ்.எஸ். தகட்டில் சூடு பட்ட இடமெல்லாம் நிறம் எழுதியிருக்கிறது: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். மூன்றாவது வரிசைக்குப் பிறகு மஞ்சள்தான். குளிர் காற்று வேலை செய்கிறது. முதல் பகுதியில் இடது பக்கம் மட்டும் நீலம் தாண்டிச் சாம்பல் நிறம். தீ அந்தப் பக்கம் சாய்ந்து எரிகிறது. காற்று வெளிக்கூட்டுக்குள் ஒரே பக்கமாக நுழைந்து சுற்றுவதால் இருக்கலாம். நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று. தூசி கம்ப்ரசர் வாய்க்குள் போகாமல் வலை கட்டி ஓட்டினோம். தடுப்புத் தகடு வைத்தபின் சாம்பல் திட்டு இல்லை.

ஐரோப்பியர்களின் அளவுத்தாள்களைவிட எங்களுக்குச் சூடு எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டுகிறது. இன்று தோப்பில் 38 டிகிரி. இன்ஜின் கணக்கெல்லாம் 15 டிகிரிக் காற்றை வைத்துப் போடுவது. 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் குறைவு. காற்று குறைந்து கேஸ் அதே அளவு போனால் சூடு ஏறத்தான் செய்யும். மதுரை வெயிலில் ஓட்டுகிறவனுக்கு மதுரை வெயிலில் எடுத்த அளவுதான் வேண்டும். அளவுத்தாளில் வெளிக் காற்றின் சூட்டுக்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். பாலிடெக்னிக் தம்பிகள் மூன்று பேர் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் அதே தாளை நிரப்பி அனுப்பியிருக்கிறார். 46 மி.மீ. டர்போ, ஓட்டைகளின் எண்ணிக்கை, எண்ணெய் பிரஷர், காலை 29 டிகிரியிலும் மதியம் 37லும் எடுத்த புகைக்குழாய்ச் சூடு, எல்லாம் இருக்கிறது. மதியத்தில் புகைக்குழாய்ச் சூடு 30 டிகிரி கூட. எங்கள் வரிசைக்குக் கீழே அவர் வரிசை ஏறிவிட்டது.

அடுத்து மண்ணெண்ணெய்க்கு மாறப் போகிறோம். ஒரு விஷயத்தை முன்கூட்டியே செய்ய வேண்டும். 1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ரக்பியில் ஜெட் முன்னோடி ஃபிராங்க் விட்டில் தன் முதல் ஜெட் இன்ஜினை ஓட்டியபோது, எரிபொருளை மூடியும் வேகம் ஏறிக்கொண்டே போனது. எரியறையில் தேங்கியிருந்த எரிபொருள்தான் காரணம். கேஸில் இந்தத் தொல்லை இல்லை. மண்ணெண்ணெய் தேங்கும். எரியறையின் அடியில் கால் அங்குல வடிகாலும் வால்வும் போட லேத் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. புதன்கிழமை கூட்டைக் கொண்டுவரச் சொன்னார்.