5 ஜே ரிம்மில் 185: ஸ்விஃப்டுக்கு டயர் அகலம் முடிவு செய்த கணக்கு

ஸ்விஃப்டின் 14 இன்ச், 5 ஜே (ரிம் அகலம் 5 இன்ச்) ஸ்டீல் ரிம்மில் 185/70 ஆர்14 டயர் ஏறிவிட்டது. 185 என்பது டயர் அகலம் மிமீ-இல், 70 என்பது சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், 14 ரிம் விட்டம் இன்ச்சில். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்தாலும் எங்கும் உரசல் இல்லை. பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஸ்பீட் பிரேக்கரில் இறக்கியும் சக்கரத்துக்கு மேலுள்ள ஆர்ச்சில் சத்தம் வரவில்லை. கம்பெனியிலிருந்து வந்த 165/80-இல் வளைவுகளில் தெரிந்த அந்த அலைபாய்ச்சல் நன்றாகவே அடங்கியிருக்கிறது.

டயர் கடையில் முதல் பேச்சே "ஸ்விஃப்டா? 195 போடுங்க சார், எல்லாரும் அதான் போடுறாங்க" என்பதுதான். ரிம் எத்தனை ஜே என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம். காரின் பெயரைக் கேட்டுவிட்டு டயர் அகலம் சொல்வது ஆபத்து. ஒரே ஸ்விஃப்டில் ஒரு வேரியண்ட் 14 இன்ச்சில் வருகிறது, மேல் வேரியண்ட் 15 இன்ச்சில் வருகிறது. ரிம் அகலமும் அதற்கேற்ப மாறுகிறது.

அதனால் முதலில் ரிம் அகலம். ஸ்டீல் ரிம்மில் முன்பக்கம் வால்வு ஓட்டைக்கு அருகிலோ உள்பக்கத் தட்டிலோ பொறித்திருக்கும். அலாயில் ஸ்போக்கின் முதுகில். துருவோ பெயிண்டோ மூடியிருந்தால் அளந்தே ஆக வேண்டும். தப்பு நடப்பது இங்கேதான். டேப்பை எடுத்து உதட்டிலிருந்து உதடு வரை வெளியே பிடித்தால் ஏறக்குறைய ஒரு இன்ச் அதிகமாகக் காட்டும். 5 ஜே ரிம்மை 6 என்று நம்பி 195 வாங்கிப் போடுகிறவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். அளக்க வேண்டியது பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பு) உட்காரும் இடத்தில், இரண்டு ஃபிளாஞ்சுகளின் (ரிம்மின் ஓரச் சுவர்கள்) உள்முகத்துக்கு நடுவே.

வெர்னியரின் உள்தாடையை நேராக வைத்தாலும் போதாது. ஃபிளாஞ்ச் மேலே போகப் போக வெளிப்பக்கம் வளைகிறது. தாடை அந்த வளைவில் உட்கார்ந்தால் சில மில்லிமீட்டர் கூடிவிடும். டயரைக் கழற்றிய ரிம்மில் இரண்டு சின்ன மூலைமட்டங்களை பீட் சீட்டை ஒட்டி, ஃபிளாஞ்சின் நேரான பகுதியில் சாய்த்து, நடுவில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் படித்தால் சரியான அளவு கிடைக்கும். 5 ஜே என்றால் 127 மிமீ, 5.5 ஜே என்றால் 139.7, 6 ஜே என்றால் 152.4. சுற்றி மூன்று இடத்திலாவது பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒன்றிரண்டு மிமீ குறைந்தால் அந்த இடத்தில் பள்ளம் ரிம்மை அடித்திருக்கிறது. அகலக் கணக்குக்கு முன்னால் அதைத் தட்டி நிமிர்த்த வேண்டும்.

இனி டயர் பக்கம். 165/80-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் 4 முதல் 5.5 வரை. 185/70-க்கு 4.5 முதல் 6 வரை, அளவீட்டு ரிம் (டயரின் அகலத்தை அளக்க வைத்திருக்கும் நிலையான ரிம்) 5.5. அதே 185-இல் சீரீஸ் (அந்த இரண்டாவது எண்) 65 ஆனால் குறைந்தபட்சம் 5 ஆகிவிடுகிறது. 195/60 என்றால் 5.5-க்குக் கீழே இடமே இல்லை. அகலம் ஒன்றாக இருந்தாலும் சைடுவால் குட்டையாகும்போது ரிம்மும் அகலமாக வேண்டியிருக்கிறது. உயரமான சைடுவால் கொஞ்சம் வளைந்து சமாளிக்கும், குட்டைக்கு அந்த இடம் கிடையாது. ஆக 5 ஜே ரிம்மில் 195/60 என்பது பேச்சுக்கே இடமில்லாதது.

மீறிப் போட்டால் கடையில் ஒன்றும் தெரியாது, காற்று நிற்கும், பேலன்சிங்கும் வரும். ஓடும்போதுதான் தெரியும். சைடுவால் பல்பு மாதிரி வெளியே பிதுங்கி நிற்பதால் திருப்பத்தில் ட்ரெட் (ரோட்டில் படும் பரப்பு) ஒரு பக்கமும் ரிம் ஒரு பக்கமும் இழுக்கும். சைடுவால் அதிகம் வளைந்து சூடேறும். ட்ரெட் நடுவில் புடைத்து நடு வரிசை மட்டும் தேயும். காற்று குறைந்த நிலையில் சட்டென்று ஸ்டியரிங்கை வெட்டினால் பீட் இடம் நழுவக்கூடும். குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்துக் கட்டுவதும் இதே அளவு மோசம். நம் ஊர்ப் பள்ளங்களில் ஃபிளாஞ்சுக்குக் காவலே இல்லாமல் போகும், முதல் அடியிலேயே ரிம் வளையும்.

விட்டம்: 165/80 ஆர்14 619.6 மிமீ. 185/70 ஆர்14 614.6. வித்தியாசம் 0.8 சதவீதம்தான், ஸ்பீடோமீட்டர் தொல்லை இல்லை. தரை இடைவெளி இரண்டரை மிமீ குறைகிறது, அவ்வளவே. 175/70 விலை குறைவு என்று சிலர் போடுகிறார்கள், அது 600.6, மூன்று சதவீதத்துக்கு மேல் சிறிது. வேண்டாம். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறி எண்) 165/80-இல் 85, அதாவது டயருக்கு 515 கிலோ. 185/70-இல் 88, 560 கிலோ. இந்த எண் பழையதை விடக் குறையவே கூடாது.

எண்ணில் சரியாக வந்தது வண்டிக்குள் சரியாக வருமா என்பது தனிக் கேள்வி. சைடில் எழுதியிருக்கும் அகலம் அளவீட்டு ரிம்முக்கானது. ரிம் அரை இன்ச் மாறினால் உண்மையான அகலம் சுமார் 5 மிமீ மாறும். 185/70 அதன் 5.5 ரிம்மில் 189 மிமீ, 5 ஜே-இல் 184 என்று வைத்துக்கொள்ளலாம். 165/80 அதே 5 ஜே-இல் 170. மொத்தம் 14 கூடுகிறது, பக்கத்துக்கு 7. உள்பக்கம் ஸ்ட்ரட்டின் (முன் சஸ்பென்ஷன் தூண்) ஸ்ப்ரிங் தட்டுக்கும் டயர் தோளுக்கும் நடுவே பழைய டயரிலேயே களிமண் உருண்டையை வைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, நசுங்கிய தடிமனை வெர்னியரில் பாருங்கள். அதில் 7-ஐக் கழித்த பிறகும் ஒரு விரல் கனம் மிச்சம் வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது எடுத்த அளவை மட்டும் நம்ப வேண்டாம். கீழ் ஆர்மை இன்னொரு ஜாக்கால் தூக்கி, ஸ்டியரிங்கை ஒடித்தும் பாருங்கள்.

ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் தாராளமாக. வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு காற்று விட்டால் பீட் சீக்கிரம் உட்காரும். 40 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்றி உட்கார வைக்கக் கூடாது. உட்காரவில்லையென்றால் இறக்கி மறுபடி சோப்பு. இரண்டு 'டப்' கேட்டதும் முடிந்தது என்று எழ வேண்டாம். ஃபிளாஞ்சை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள்.

காற்றழுத்தத்துக்கு சாக்பீஸ் சோதனைதான் என் நம்பிக்கை. ட்ரெட்டின் குறுக்கே கோடு போட்டு, நேர் ரோட்டில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். 5 ஜே-இல் 185 போட்டால் இந்தப் போக்கு வரத்தான் செய்யும். கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். ஸ்டெப்னி பழைய 165/80-தான். பங்க்சர் ஆனால் பின்னால் மாட்டி, அருகில் உள்ள கடை வரை மட்டும்.

டயர் வாங்கும்போது சைடில் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். நான்கும் ஒரே தேதிக்கு அருகில் கேட்டு வாங்குவது நம் உரிமை.

அடுத்து 15 இன்ச் 5.5 ஜே அலாய். அதில் 185/65 ஆர்15 கச்சிதமாக உட்காரும், விட்டம் 621.5, பழையதை விட 2 மிமீ கூட இல்லை. சென்னையில் புது ரிம்முக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய ரிம்முக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் 4×100 (100 மிமீ வட்டத்தில் நான்கு போல்ட் ஓட்டை) என்று சொன்னதும் ஹோண்டா, ஹூண்டாய் ரிம்களையும் எடுத்துக் காட்டுவார்கள். நட் விஷயத்தில் கவனம். சுஸுகி ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) எம்12×1.25, அதாவது 12 மிமீ தடிமன், மரை இடைவெளி 1.25 மிமீ; ஹூண்டாய் 1.5, ரிம்மோடு வரும் நட்டைத் திணித்தால் மரை போகும். ஹோண்டா ரிம்மின் நட் குழி உருண்டை, நம்முடையது கூம்பு. கூம்பு நட் அதில் மெல்லிய வளையமாக மட்டும் தொட்டு, ஓட ஓடத் தளரும். ஹோண்டாவின் நடு ஓட்டை 56.1, நம் ஹப் 54.1, அதற்கும் வளையம் தேட வேண்டும். 54.1 ஓட்டையோடு கூம்புக் குழி உள்ள செட்டாகப் பார்த்து, பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுழற்றி ஆட்டம் பார்த்த பிறகுதான் காசு. ஈடி எண்ணையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படும் முகம் எத்தனை மிமீ தள்ளி இருக்கிறது என்பது) படித்து வைக்க வேண்டும், ஸ்ட்ரட் கணக்கு மறுபடி அங்கிருந்துதான் தொடங்கும்.