மூட மூடத் திறந்த 111

மூன்று இரவு மல்லுக்கட்டிய பிறகு 111ஆம் போர்ட் நேற்று வாயை மூடியது. போர்ட் என்பது நெட்வொர்க் வழியாக ஒரு சேவையைத் தொடர்புகொள்ளும் எண்ணிட்ட வாசல்; என் கணினியில் தேவையில்லாமல் திறந்துகிடப்பவற்றை மூடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். 5353இன் கதை இன்னும் பாதியில் கிடக்கிறது.

லினக்ஸ் ஓடும் மேசைக் கணினி. திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை கொடுத்த பட்டியலில் 127.0.0.1இல் காத்திருந்தவற்றைத் தொடவில்லை; அவை கணினியை விட்டு வெளியே தலைகாட்டாதவை. 0.0.0.0 என்று, வெளியிலிருந்து வருபவர்களுக்கும் திறந்து நின்றவைதான் என் குறி. வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22 முதலில் போனது. இந்தக் கணினிக்குள் வெளியிலிருந்து நான் ஒருநாளும் நுழைந்ததில்லை. 2024 செப்டம்பரில் நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டில் ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்ததிலிருந்து அதன் யூடிபி 631 (யூடிபி, டிசிபி என்று போர்ட்களில் இரண்டு வகை) கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அதை அணைத்து வைக்கவெல்லாம் பொறுமையில்லை, தொகுப்போடு பிடுங்கி எறிந்தேன்.

பிறகு வந்தது 111, எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்லும் ஆர்பிசிபைண்ட். வீட்டுக்குள் கோப்புகளைப் பகிர என்எஃப்எஸ் சர்வர் வைத்திருக்கிறேன். அதன் வால்பிடித்து வந்த விருந்தாளி இது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு 2049 ஒன்றே போதும். சேவையை நிறுத்தினேன், டிசேபிள் செய்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். 111 அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் இரவுதான் எஸ்எஸ் கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. சாதாரணப் பயனராக ஓட்டினால் அந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற கடைசிப் பத்தி காலியாகவே இருக்கும். ரூட்டாக ஓட்டினால் 111க்கு நேரே ஆர்பிசிபைண்ட் என்ற பெயரே இல்லை. சிஸ்டம்டி, பிஐடி 1 என்று இருந்தது! மற்ற சேவைகளையெல்லாம் தொடங்கி நிர்வகிக்கும் முதல் நிரல் அது. அதைப் போய் எப்படிக் கொல்வது? சாக்கெட்டை, அதாவது போர்ட்டில் காத்திருக்கும் இணைப்புமுனையை, திறந்து கையில் வைத்திருப்பது சிஸ்டம்டிதான். யாராவது கதவைத் தட்டினால் உறங்கும் சேவையைத் தட்டி எழுப்பும். முதல் இரவே, சேவையை நிறுத்திய அடுத்த வரியில், ஆர்பிசிபைண்ட் சாக்கெட் இதை மறுபடி எழுப்பக்கூடும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. படிக்காமல் அடுத்த கட்டளைக்குத் தாவியது நான்தான்.

சாக்கெட்டையும் நிறுத்தி டிசேபிள் செய்தேன். மறுதொடக்கம். மறுபடியும் 111!

டிசேபிள் என்ற சொல்லை இத்தனை வருடம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறேன். தானாகத் தொடங்குவதற்கான இணைப்பை மட்டும்தான் அது அறுக்கிறது. வேறொரு சேவை 'இவரும் வேண்டும்' என்று கைகாட்டினால் கூடவே எழுந்துவிடும். இங்கே கைகாட்டியது என்எஃப்எஸ் சர்வரின் யூனிட் கோப்பு, அதாவது அந்தச் சேவையை எப்படி இயக்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு. கூட வேண்டியவற்றைச் சொல்லும் அதன் வான்ட்ஸ் வரியில் ஆர்பிசிபைண்ட் சாக்கெட் அப்பட்டமாக எழுதியிருக்கிறது. மருந்து மாஸ்க். பெயரை டெவ்-நல் என்ற வெறுமைக்குத் திருப்பிவிடுவதால் யார் அழைத்தாலும் எழாது. சேவை, சாக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்து, என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மூன்றாம் பதிப்பையும் முடக்கினேன். மறுதொடக்கம் செய்தபோது என்எஃப்எஸ் பக்கத்தில் 2049 மட்டும் இருந்தது. நம்பிக்கையில்லாமல் மடிக்கணினியிலிருந்து, போர்ட்களை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் என்மேப் ஓட்டினேன். வழக்கமான ஓட்டத்தில் அது பார்ப்பது டிசிபியில் அதிகம் புழங்கும் 1000 போர்ட்களை மட்டுமே. யூடிபிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், அது நத்தை வேகத்தில் நகரும். நகர்ந்து முடித்தது. இரண்டிலும் 111 மூடியிருந்தது.

அந்த உற்சாகத்தில் 5353இல் இருந்த அவாஹியையும் அணைத்தேன். அடுத்த நிமிடம் பிரிண்டர் பட்டியலிலிருந்து மறைந்தது. பெயரைக் கூவி அதைத் தேடித் தந்துகொண்டிருந்ததே அவாஹிதான். பிரிண்டரை ஐபி முகவரி கொடுத்துச் சேர்த்துவிடலாம், ஆனால் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். அதை ஒதுக்கிவைக்க ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், யூபிஎன்பி இயங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் ரூட்டரில் வழி திறந்துவிடும் சமாச்சாரம். இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன ரூட்டர். நான் இயக்கியதாக நினைவே இல்லை. அதை அணைப்பதா, அணைத்தால் எது படுத்துக்கொள்ளும் என்று யோசித்ததிலேயே ராத்திரி போய்விட்டது. பிரிண்டர் முகவரி இன்னும் ஒதுக்கப்படவில்லை. நாளைக் காலை அச்சிட வேண்டிய தாள்கள் இருப்பதால் அவாஹியை மறுபடி எழுப்பிவிட்டேன்.