வைக்கோலில் ஒரு தண்ணீர்க் கணக்கு: சிப்பிக் காளான் வளர்த்த குறிப்புகள்

முதலில் கட்டிய இரண்டு பைகளையும் பன்னிரண்டாம் நாள் தூக்கி எறிந்தேன். ஒன்றின் அடிப்பகுதி கறுத்து, புளித்த வாடை அடித்தது. மற்றொன்றில் துளையைச் சுற்றிப் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் பையிலிருந்து மெலிந்த சாம்பல் நிறக் காளான்கள் நான்கு எட்டிப் பார்த்தன. பயிர் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் காலையில் அவை கறுப்பு மையாக உருகிச் சொட்டிக்கொண்டிருந்தன. அது காளான் படுக்கையில் முளைக்கும் களை. வைக்கோல் சரியாக வேகாமல் ஈரமும் மிஞ்சினால் வரும் என்று பிறகு படித்தேன். நான் விதைத்தது வரவில்லை, விதைக்காதது வந்தது.

குறிப்பேட்டைத் திரும்பிப் பார்த்ததில் தவறு எளிதாகவே பிடிபட்டது. 1 கிலோ காய்ந்த வைக்கோலை ஊறவைத்து, வெந்நீரில் போட்டு, வடித்து நிறுத்தபோது 3.5 கிலோ இருந்தது. அதாவது அதில் 71 சதவீதம் தண்ணீர். காளான் படுக்கைக்கு 65 சதவீதம் போதும். எண்ணை எழுதி வைத்தேனே ஒழிய, வகுத்துப் பார்க்கவில்லை. வைக்கோலின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் காளான் இழைக்கு மூச்சு முட்டும். காற்றே வேண்டாத பாக்டீரியாக்களுக்கோ அது விருந்து. கெட்ட பைகளை வீட்டுக்குள் பிரிக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோனேன். பச்சைப் பூசணத்தின் வித்துத்தூள் ஒருமுறை அறைக்குள் பறந்துவிட்டால் அடுத்த பையும் போச்சு.

இரண்டாம் முயற்சி, நாள் 1. மறுபடியும் 1 கிலோ வைக்கோல், மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக. ஐந்து மணி நேரம் ஊறல். பிறகு 70 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் இன்னும் சுத்தமாகுமே என்று முன்பு நினைத்திருந்தேன். இங்கே எல்லா நுண்ணுயிரையும் கொல்வது நோக்கமல்ல. வெப்பம் தாங்கும் சில பாக்டீரியாக்கள் மிஞ்சுவது நல்லது, அவை பூசணத்துக்கு இடம் விடாமல் அடைத்துக்கொள்ளும். முற்றிலும் சுத்தமான வைக்கோல், காவலில்லாத வீடு.

வடித்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் நீர் வழிந்தால் இன்னும் காய வேண்டும். உள்ளங்கை நனைந்து, ஒரு சொட்டுக்கூட விழாவிட்டால் சரி. தராசு 2.8 கிலோ காட்டியதும் நிறுத்தினேன்: 64 சதவீதம். பிழிந்து பார்ப்பதையே எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் என் கை பொய் சொல்லும் என்பதை முதல் முயற்சியிலேயே கண்டுவிட்டேன். தராசுதான் எனக்கு ஆசான்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவிக்கொண்டு, பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓரமாகக் காளான் வித்து, மறுபடியும் வைக்கோல் என நான்கு அடுக்குகள் போட்டேன். வித்து என்றால் விதையல்ல. வேகவைத்த சோளத்தில் இழை படரவிட்டது. 150 கிராம் வித்தை இரண்டு பைகளுக்கும் பங்கிட்டேன். இறுக்கிக் கட்டி, பக்கவாட்டில் பத்துத் துளைகள் குத்தி, இருட்டான மூலையில் தொங்கவிட்டேன். அறை வெப்பம் 26 டிகிரி.

நாள் 4. ஒவ்வொரு சோள மணியைச் சுற்றியும் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்மை.

நாள் 9. வெண்திட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. பையைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு. இழைகள் வைக்கோலுக்கு உறுதி தரும் லிக்னின், செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள்களை உடைத்துத் தின்னும்போது வரும் சூடு அது. வாடை பிரமாதம்: மழை பெய்து ஓய்ந்த மண்ணும் மரப்பட்டையும் கலந்தது போல.

நாள் 16. இரண்டு பைகளும் முழு வெள்ளை. வைக்கோலே தெரியவில்லை. பாலித்தீனைக் கிழித்து எடுத்துவிட்டு, வெளிச்சம் படும் அலமாரிக்கு மாற்றினேன். ஈரம் தங்கட்டும் என்று அலமாரியைச் சுற்றிப் போர்வைபோல நெகிழித் தாள். இங்கேதான் இரண்டாவது அசட்டுத்தனம்.

நாள் 19. மொட்டுகள்! குண்டூசித் தலை அளவில், கொத்துக் கொத்தாக. ஆர்வம் தாங்காமல் தெளிப்பானை மொட்டுகளின் மேலேயே பீய்ச்சினேன். அடுத்த நாள் ஒரு கொத்து முழுவதும் மஞ்சளாகிச் சுருண்டது. அன்று முதல் அலமாரிச் சுவருக்கும் தரைக்கும்தான் தெளிப்பு. காற்று ஈரமாக இருந்தால் போதும். மொட்டைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

நாள் 21. தப்பிய கொத்துகள் விநோதமாக வளர்ந்தன. தண்டு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. நெகிழித் தாளுக்குள் கரியமில வாயு தேங்கியதுதான் காரணம். காளான் செடியல்ல, நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளிவிடும். அது கூடினால், இன்னும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறோம் என்று எண்ணுவதுபோலக் கழுத்தை நீட்டிக் காற்றைத் தேடும். தாளை எடுத்துவிட்டு, ஜன்னலைக் காலையும் மாலையும் அரை மணி திறந்தேன். பதிலுக்கு, சுவரில் தெளிப்பதை இரண்டு வேளையிலிருந்து நான்காக்கினேன்.

நாள் 23. முதல் அறுவடை. குடையின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தோடு முறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒரு கொத்தைப் பெரிதாகட்டும் என்று ஒருநாள் விட்டதில் விளிம்பு மேல்நோக்கி விரிந்து, அடியில் மாவு தூவினாற்போல வெள்ளைத் தூள் கொட்டியிருந்தது. அத்தனையும் வித்துத்தூள். மூச்சில் ஏறினால் இருமல் வரும். பெரிய கூடங்களில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு நுரையீரலே பாதிக்கப்படுவதுண்டு. நான் முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன்.

மூன்று அறுவடைகளின் எடை: முதலில் 510 கிராம், பன்னிரண்டு நாள் கழித்து 290, கடைசியில் 80. மொத்தம் 880 கிராம். காய்ந்த வைக்கோலின் எடையோடு ஒப்பிட்டால் 88 சதவீதம் விளைச்சல்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்குவாதம். காளானில் 30 சதவீதம் புரதம், இறைச்சிக்கு நிகர் என்று வீட்டில் ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்குத் தராசு நினைவு வந்தது. 100 கிராம் காளானைக் கீற்றுகளாகக் கிழித்து, முறுமுறுவென்று ஒடியும்வரை உலர்த்தி நிறுத்தேன்: 11 கிராம். பாக்கி 89 கிராமும் தண்ணீர். அந்த 30 சதவீதம் இந்த 11 கிராமுக்குத்தான் பொருந்தும். பச்சைக் காளான் 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 3.3 கிராம் புரதம். இரண்டு கோழிமுட்டைகளில் கிடைக்கும் புரதத்துக்கு 350 கிராமுக்கு மேல் காளான் வேண்டும்.

புரத எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்பது பொது வழக்கம். ஆனால் காளானின் செல்சுவரில் கைட்டின் உண்டு. நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். அதிலும் நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் அது புரதமல்ல. ஆகவே காளானுக்கு 4.38-ஆல் பெருக்குவதே முறை. 6.25 போட்டவர் கணக்கில் புரதம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தெரியும்.

இதையெல்லாம் சொன்னதும், அப்படியென்றால் எதற்கு வளர்க்கிறாய் என்று கேட்டார்கள். 100 கிராமில் 33 கலோரிதான், கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. 2 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. பொட்டாசியம் 420 மில்லிகிராம், சோடியம் மிகக் குறைவு. நியாசின் என்ற பி வைட்டமின் 5 மில்லிகிராம், பெரியவர் ஒருவரின் ஒருநாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. வைட்டமின் பி12-க்கு மட்டும் காளானை நம்ப வேண்டாம். நாம் தின்ன முடியாத ஒரு கிலோ வைக்கோலிலிருந்து 29 கிராம் புரதம் என் தட்டுக்கு வந்தது. எனக்கு அது போதும்.

வைட்டமின் டி சங்கதி இன்னும் சுவையானது. காளானிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வகைப் பொருள், புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். பறித்த பிறகும் மாறும்! அதனால் இப்போது சமைப்பதற்கு முன் துண்டுகளாக்கி, குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் வைக்கிறேன். ஜன்னல் கண்ணாடிக்குள் வைத்துப் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

வளர்ப்பதைக் கேள்விப்பட்டு, தோட்டத்தில் தானாக முளைத்த காளானைக் கொண்டுவந்து, சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடுமே என்றார். கொல்லும் காளான்களின் நஞ்சு கொதியிலும் அழியாது. அவர் முகம் வாடியது, பரவாயில்லை.

விளைந்து முடிந்த படுக்கை கைக்கு இலேசாகிவிட்டது. உடைத்துத் தொட்டி மண்ணில் கலந்தேன். சிப்பிக் காளான் இழை மண்ணிலுள்ள நூற்புழுக்களை நஞ்சால் முடக்கித் தின்னுமாம். வைக்கோலில் நைட்ரஜன் குறைவு, அந்தப் பற்றாக்குறைக்கு இப்படியும் ஒரு வழி! இத்தனை நாள் சைவப் பயிரென்று நினைத்து அலமாரியில் ஒரு வேட்டைக்காரனை வளர்த்திருக்கிறேன்.

மூன்றாம் முயற்சி, நாள் 1. மீதி வித்து 150 கிராம், குளிர்பதனப் பெட்டியில் இருந்தது, நிறம் மாறவில்லை. வைக்கோல் பிழிந்தபின் 2.95 கிலோ. இன்னும் ஒரு மணி நேரம் காய வேண்டும்.