அலாரத்துக்கும் கைக்கும் நடுவே

2025 மே 8, ராத்திரி பத்து மணி இருக்கும். இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். தங்கை மகள் பஞ்சாபிலிருந்து போன் பண்ணினாள். அங்கே ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஊர் முழுக்க லைட்ட அணைச்சுட்டாங்க. சைரன் அடிச்சுது. ஹாஸ்டல் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிட்டிருக்கோம்." கிசுகிசுவென்றுதான் பேசினாள். வெளிச்சத்தை மறைக்கச் சொன்னால் குரலையும் மறைக்கத் தோன்றிவிடும் போல.

பிறகு கேட்டாள்: "சைரன் நிஜமாவே அடிக்கிதா, சும்மா அடிக்கிதான்னு எப்படி மாமா தெரிஞ்சுக்கிறது?"

31 வருஷம் அனல் மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் அலாரத்தைக் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். எனக்குப் பதில் வரவில்லை. "ஜன்னல் பக்கம் போகாத, சுவரோரமா உக்காரு" என்று மட்டும் சொன்னேன். அந்த ராத்திரி தூங்கவில்லை. அவள் கேட்டது இன்றுவரை மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நைட் ஷிப்ட். 210 மெகாவாட் யூனிட், டர்பைன் டெஸ்கில் நான். எனக்கு மேலே ஒரு சீனியர், நெல்லைக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அலாரம் அடித்தது. பேரிங் டெம்பரேச்சர் ஹை. பார்க்கிறேன், 68 டிகிரியில் நின்ற முள் 120-ஐத் தாண்டிக் கிடக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிற டர்பைன் தண்டைத் தாங்குகிற பேரிங் அது. பேரிங் உருகினால் டர்பைன் போச்சு, பக்கத்தில் நிற்பவனும் போச்சு. எங்கள் யூனிட்டில் அந்த வெப்பநிலைக்குத் தானாக ட்ரிப் ஆகிற, அதாவது மெஷின் தானே நின்றுவிடுகிற, ஏற்பாடு கிடையாது. ஆள்தான் அழுத்த வேண்டும். என் கை எமர்ஜென்சி ட்ரிப் பட்டன் மேல் போய்விட்டது.

அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "லே, இரு. கைய எடுக்கவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம்."

மற்ற மீட்டர்களைப் பார்த்தார். அதே பேரிங்கிலிருந்து திரும்பி வருகிற எண்ணெயின் சூடு ஏறவில்லை. வைப்ரேஷன் அப்படியே இருக்கிறது. பக்கத்துப் பேரிங் சாதாரணம். "இரும்பு சூடாகணும்னா படிப்படியாத்தான் ஆகும் தம்பி. குதிக்காது. குதிச்சா அது வயரு." ஹெல்பரை டர்பைனுக்கு ஓடவிட்டார். அங்கேயே பேரிங்கில் பொருத்தியிருக்கும் டயலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவன் கத்தினான்: "அறுபத்தெட்டுதான் சார்!" ஜங்ஷன் பாக்ஸில் ஒரு டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அலாரம் அடித்ததிலிருந்து அந்தக் குரல் வரும்வரை ஒன்பது நிமிடம். லாக் புக்கில் நேரம் போட்டு நானே எழுதினேன், எழுதும்போது கை நடுங்கியது.

பல வருஷம் கழித்து ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற சோவியத் ராணுவ அதிகாரி பற்றிப் படித்தபோது அந்த மணிக்கட்டுப் பிடி ஞாபகம் வந்தது. 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற பதுங்குதளத்தில் அவர் டியூட்டி அதிகாரி. அமெரிக்க ஏவுகணைத் தளங்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள் அமைப்பு ஒரு ஏவுகணை கிளம்பிவிட்டது என்றது. பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி ஐந்தில் நின்றது. காலமும் கெட்ட காலம். கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் செத்து நான்கு வாரம்கூட ஆகவில்லை.

பெத்ரோவ் அண்ணாச்சி செய்ததைத்தான் செய்தார். போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை விடுவானா என்று யோசித்தார். தரை ரேடாரில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. தவறான அலாரம் என்று மேலிடத்துக்குச் சொன்னார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணைத் தீயென்று எடுத்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரியவந்தது.

அவரைப் பாராட்டவில்லை. அந்த நிமிடங்களில் லாக் எழுதவில்லை என்று கண்டித்தார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் இண்டர்காம், எழுத எனக்கு மூன்றாவது கை ஏது என்று அவர் கேட்டாராம். ஷிப்ட் பார்த்தவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு லேசாகத் தாண்டிப் போக மாட்டார்கள். 2017 மே மாதம் மாஸ்கோ பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் காலமானார். உலகத்துக்குத் தெரிய நான்கு மாதம் ஆனது.

இது ஒரு தடவை நடந்த அதிசயம் இல்லை. 1980 ஜூனில் அமெரிக்கப் பக்கம் 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் கெட்டுப்போய், ஏவுகணை எண்ணிக்கை காட்டுகிற இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 2 விழுந்தது. 1995 ஜனவரியில் வடதுருவ ஒளியை ஆராய நார்வே விட்ட ராக்கெட்டை ரஷ்ய ரேடார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அணு ஆயுதத்தை ஏவ உத்தரவு தருகிற பெட்டி ரஷ்ய அதிபர் எல்த்சினின் மேசைக்கே வந்துவிட்டது. நார்வே முன்கூட்டியே தகவல் அனுப்பித்தான் இருந்தது, ரேடார்காரர்களிடம் அது போய்ச் சேரவில்லை.

எல்லா அலாரமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நம்பாமல் விட்ட அலாரத்தால் பாய்லர் டியூப் வெடித்ததையும் பார்த்திருக்கிறேன். சந்தேகப்படவும் வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் வேண்டும். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஏவுகணை பறக்க அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள்தான் பெத்ரோவ் யோசித்தார். நமக்கும் பாகிஸ்தானுக்கும் எவ்வளவு?

2022 மார்ச் 9 அன்று அதற்கு விடை கிடைத்தது. வழக்கமான பராமரிப்பின்போது நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். கிளம்பியதிலிருந்து விழும்வரை மொத்தமே சுமார் ஏழு நிமிடம். பாகிஸ்தான் வானத்தில் நான்கு நிமிடம்கூட இல்லை. ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நிமிடம் ஆனது!

தவறுதலாகப் போய்விட்டது என்று இந்தியா அறிவித்தது மார்ச் 11 அன்று. விசாரணை நடந்தது, ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அது சரி. ஆனால் இரு ராணுவத்துக்கும் நடுவே ஹாட்லைன் என்ற நேரடி போன் இருந்தும் உடனே ஏன் கூப்பிடவில்லை என்று பாகிஸ்தான் கேட்டதே, அந்தக் கேள்வி எதிரி கேட்டது என்பதற்காகத் தப்பாகிவிடாது. அந்தப் பக்கம் அன்று டெஸ்கில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் கை எந்தப் பட்டன் மேல் இருந்ததோ.

அதே போன் லைன்தான் 2025 மே 10 அன்று காப்பாற்றியது. மதியம் 3.35-க்கு பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர் நம் தலைமை இயக்குநரைக் கூப்பிட்டார், மாலை 5 மணியிலிருந்து நிறுத்தம். பஹல்காமில் 26 பேரைக் கொன்றதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சண்டை நடந்த அந்த நான்கு நாளும் இரண்டு பக்கமும் ட்ரோன், ஏவுகணை என்று பறந்தபோது, வருவது சாதாரணக் குண்டா அணுகுண்டா என்று ரேடார் திரை சொல்லாது என்பது எனக்குத் தெரியும். டிவியில் "முடிச்சுடணும்" என்று கத்தியவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

நாம் போய் நிற்கிற இடம் இன்னும் குறுகலானது. இரண்டு நாடும் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டிச் சொல்ல 2005-ல் ஒப்பந்தம் போட்டன. உயர எழும்பி வளைந்து வந்து விழுகிற பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும்தான், மியான் சன்னுவில் விழுந்த மாதிரி விமானம் போலப் பறக்கிற குரூஸ் வகைக்குக் கிடையாது. அமைதிக் காலத்தில் அணுகுண்டு தனி, ஏவுகணை தனி என்று பிரித்து வைப்பதுதான் இந்தியாவின் வழக்கம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. இப்போது வருகிற அக்னி வகைகள் குழாய்க்குள் அடைத்து, எடுத்த எடுப்பில் ஏவுகிற மாதிரி செய்யப்படுகின்றன. பிரித்து வைத்ததைச் சேர்க்க ஆகிற நேரம்தான் நம்முடைய அண்ணாச்சி. அதை யாரும் கேட்காமலே அனுப்பிவிடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏவத் தயாராக வைத்திருக்கும் அணுகுண்டுகளுக்கு ஆளுக்கு 1,550 என்று உச்சவரம்பு போட்ட ஒப்பந்தத்தின் காலமும் 2026 பிப்ரவரி 5 வரைதான் இருந்தது. அணு ஆயுத முடிவை மனிதன்தான் எடுக்க வேண்டும், செயற்கை நுண்ணறிவு அல்ல என்று பைடனும் ஷி ஜின்பிங்கும் 2024 நவம்பரில் ஒத்துக்கொண்டார்கள். நல்லது. அந்த மனிதனுக்கு எத்தனை நிமிடம் தருவோம் என்று எங்கே பேசுகிறார்கள்?

குரூஸ் ஏவுகணையையும் அந்த 2005 ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். தவறு நடந்தால் பத்து வினாடிக்குள் ஹாட்லைனை எடுக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். எதிரியை நம்பச் சொல்லவில்லை. ஸ்க்ரூ தளரும் என்பதை நம்பினால் போதும்.

தங்கை மகள் டெல்லி வழியாக ரயிலில் வந்து சேர்ந்தாள். இரண்டு வாரம் மிக்ஸி போட்டால்கூடத் திடுக்கிட்டாள். ஆகஸ்டில் நான்காம் வருஷத்துக்குத் திரும்பிப் போனாள். ஹாஸ்டல் ஜன்னலில் அன்றைக்கு ஒட்டிய கறுப்புத் தாள் அப்படியே இருக்கிறதாம். கிழித்துவிட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து படி என்றேன்.

"வார்டன் இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க மாமா" என்றாள்.