தாவாத தேவாங்கு: என் பிளாட்பார்ம் கேமில் ஒரு கூச்ச உயிரினம்

அரிட்டாபட்டிக் குன்றுகளை மனத்தில் வைத்து, கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சினில் நான் செய்துவரும் சிறிய பிளாட்பார்ம் கேமில் (மேடைக்கு மேடை தாவிச் செல்லும் வகை), அண்மைக்கால வேலை முழுவதும் ஒரே ஓர் உயிரினத்தின் மேல்தான் நடந்தது. அது தேவாங்கு. அது யாரையும் தாக்காது, அதன்மேல் மோதினாலும் உயிர் குறையாது, அதைத் தொட்டதற்காக மதிப்பெண்ணும் கிடைக்காது. ஆள் அரவம் கேட்டால் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிடும், அவ்வளவுதான்.

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, அங்கு வாழும் உயிரினங்களாக எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவற்றோடு தேவாங்கின் பெயரும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்துக் காட்டு உயிர் ஒன்றைக் கேமில் வைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, இரவில் மட்டும் வெளியே வரும், பூச்சி தின்னும், வாலே இல்லாத இந்தப் பெரிய கண்காரர் பொருத்தமாகப் பட்டார். சிக்கல் ஒன்றுதான்: தேவாங்கு தாவாது. கிளையைக் கையால் பற்றி, ஒரு பிடியை உறுதி செய்த பிறகே மறு பிடியை விடும். எல்லாமே தாவிக் குதிக்கும் ஒரு கேமில் தாவவே தாவாத ஓர் உயிரினத்தை எதற்காக வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மற்ற வேலைகள் நகர்ந்தன.

முதலில் எழுதிப் பார்த்தது, வேப்ப மரத்து அணிலைப் போல நடந்துகொள்ளும் ஒரு வடிவம். ஆட்டக்காரர் ஒரு வட்டத்துக்குள் நுழைந்ததும் எதிர்த்திசையில் ஓட வேண்டும் என்பதுதான் விதி. யார் உள்ளே நுழைகிறார்கள் என்று கவனிக்கும் ஏரியா2டி என்ற கோடோ உறுப்பு ஒன்றும் பத்து வரி நிரலும் அதற்குப் போதும். அதை அக்கா மகனிடம் கொடுத்தபோது, அவன் கேமின் பாதையையே மறந்துவிட்டு அந்த உயிரினத்தைச் சுவர் ஓரம்வரை துரத்திக்கொண்டே இருந்தான். ஓடுவதைத் துரத்தத் தோன்றுவது ஆட்டக்காரரின் இயல்பு. ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டினால் துரத்தலின் சுவைதான் கூடுகிறதே தவிர, அந்த உயிர் கூச்ச சுபாவமுள்ளது என்ற எண்ணம் வருவதில்லை. அசையாமல் நிற்கும் வடிவத்தைப் பிறகு கொடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டான். "நீ சும்மா இருடா, அது நகரும்" என்றேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அது ஒரு கையை மெல்ல முன்னே நீட்டியபோது, மூச்சை அடக்கிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தான். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் குனிவுதான்.

பிளாட்பார்ம் கேம்களில் கூச்சம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1988இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 கேமில் அறிமுகமான பூ (Boo) என்னும் பேய். மாரியோ அதன் பக்கம் திரும்பினால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றுவிடும். முதுகைக் காட்டினால் துரத்தி வரும். பார்வைத் திசை ஒன்றை மட்டும் வைத்து ஒரு குணத்தையே காட்டிவிட்ட அந்தச் சிக்கனம் இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் அந்தப் பேய் தீங்கு செய்யக்கூடியது. அதன் கூச்சம் ஆட்டக்காரருக்கு ஒரு பாதுகாப்பு. தீங்கே செய்யாத உயிருக்கு அதே விதியை வைத்தால், ஆட்டக்காரருக்கு அதில் அக்கறை எதுவும் பிறக்காது.

ஆகவே தூரத்தை மட்டும் பார்க்காமல், ஆட்டக்காரரின் நடத்தையைப் பார்க்கும் ஓர் அச்ச அளவை ஒவ்வொரு தேவாங்குக்கும் கொடுத்தேன். அது 0 முதல் 100 வரை செல்லும். ஓடினால் வேகமாக ஏறும், நடந்தால் மெல்ல ஏறும், ஆட்டக்காரர் இயக்கும் சிறுமியின் விளக்கொளி நேராக விழுந்தால் இன்னும் ஏறும், உயரத்திலிருந்து தொப்பென்று குதித்தால் ஒரே அடியாக எகிறும். குதித்த அதிர்ச்சியைக் கணக்கிட, தரையைத் தொடுவதற்கு முந்தைய ஃபிரேமின் செங்குத்து வேகத்தைத் தனியே சேமித்து வைக்க வேண்டும்; பாத்திரத்தை நகர்த்தி மோதலைக் கணக்கிடும் மூவ் அண்ட் ஸ்லைடு என்ற கட்டளை ஓடி முடிந்தபின் கேட்டால் அந்த வேகம் சுழியாகிவிட்டிருக்கும். அச்சம் 60ஐத் தாண்டினால் தேவாங்கு உறைகிறது. ஆனால் 60க்குக் கீழே வந்தவுடன் அது இளகுவதில்லை, 25க்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், எல்லைக் கோட்டில் நின்று நொடிக்குப் பலமுறை உறைந்து உறைந்து இளகித் துடிக்கும். இறக்கம் நொடிக்கு 8 மட்டுமே. அதுவும் ஆட்டக்காரர் அசையாமல் நின்றால்தான். அச்சம் உச்சத்துக்குப் போய்விட்டால் ஒன்பது நொடிக்கு மேல் சும்மா நிற்க வேண்டியிருக்கும். கேமில் ஒன்பது நொடி என்பது நீண்ட காலம், குறைக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். நான் குறைக்கவில்லை.

தாவாத உயிரினம் எதற்கு என்ற கேள்விக்கு இனி விடை. கேமின் இரண்டாம் பகுதி முழுவதும் இருட்டு. மரக்கிளைகள் திரையில் தெரிவதில்லை. தேவாங்கின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு, அதனால் விளக்கொளியில் கண்கள் தணல்போல் ஒளிரும். அந்த இரு புள்ளிகள் இருட்டில் ஊர்ந்து செல்லும் தடம்தான் கிளை இருக்கும் இடம். அதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டுதான் ஆட்டக்காரர் தாவ வேண்டும். பயமுறுத்தினால் தேவாங்கு உறையும், கண்ணை மூடிக்கொள்ளும், வழியும் மறையும். கால் கிலோ எடையுள்ள ஓர் உயிரைத் தாங்கும் கிளை ஒரு சிறுமியையும் தாங்குமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது, கேமில் தாங்கும்.

கேமின் அடிப்படைத் திரை 320க்கு 180 பிக்சல் என்பதால், கண் ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு பிக்சல்தான். தேவாங்கு விளக்கின் பக்கம் முகம் காட்டுகிறதா என்பதைப் பிளஸ் டூ கணக்கில் படித்த, இரு திசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் திசையிலிப் பெருக்கம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த மதிப்பைக் கொண்டே ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கிறேன். நடையில்தான் அதிக நேரம் போயிற்று. கிளையைக் கோடோவின் பாத்2டி என்ற வளைகோடாக வரைந்து, தேவாங்கை அதன்மேல் ஊரவிட்டால், கை அசைவும் நகர்வும் பொருந்தாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். அனிமேஷனை நேரத்தோடு இணைக்காமல் கடந்த தூரத்தோடு இணைத்த பிறகு, ஒவ்வொரு பிடியும் கிளையில் பதிந்து நிற்கிறது. நடுவழியில் உறைந்தாலும், நீட்டிய கை நீட்டியபடியே அந்தரத்தில் நிற்கிறது. அது திட்டமிட்டு வந்ததன்று. ஆனால் மொத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

குன்றுகளின் உருண்டைப் பாறைகள் வேறு வகையில் படுத்தின. கோடோவில் 45 பாகைக்கு மேற்பட்ட சரிவு இயல்பாகவே தரையாகக் கொள்ளப்படுவதில்லை. பாறையின் ஓரத்தில் சிறுமி வழுக்கி விழுவாள், விழுந்த அதிர்ச்சியில் சுற்றியுள்ள தேவாங்குகள் எல்லாம் உறைந்துவிடும். அதை அப்படியே விட்டுவிட்டேன், பாறையேறிப் பழகியவர்களுக்கு அது நியாயமாகவே படும்.

தேவாங்கைக் கணக்கெடுக்கச் செல்பவர்கள் சிவப்பு ஒளி விளக்கைப் பயன்படுத்துவது வழக்கம், வெள்ளை ஒளியைவிட அது விலங்கைக் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்பதால். எனவே விளக்கின்மேல் ஒட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டாம் பகுதியின் நடுவில் வைத்திருக்கிறேன். அதை ஒட்டினால் அச்சம் ஏறுவது வெகுவாகக் குறையும், ஆனால் ஒளி எட்டும் தூரமும் பாதியாகிவிடும். தாள் கிடைத்ததும் ஆட்டம் எளிதாகிவிடக் கூடாது என்பதற்காக, அதற்குப் பிந்தைய கிளைகளை இன்னும் தள்ளித் தள்ளி வைக்கும் வேலை இப்போது நடக்கிறது. அக்காவின் பழைய மொபைலில் திரை வெளிச்சத்தைக் குறைத்தால் சிவப்பு ஒளியில் அந்தக் கண்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. நிறத்தைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தி மறுபடி சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒலி.